வாக்காளர் ஒரு சாட்சி: உள்ளாட்சித் தேர்தலும் நம் அமானிதமும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



உள்ளாட்சித் தேர்தல் வந்துவிட்டால் நம் தெருக்களின் முகமே மாறிவிடுகிறது. நேற்றுவரை நம் ஸலாமுக்குப் பதில் சொல்ல நேரமில்லாதவர், ஜும்ஆ முடிந்து நாம் வெளியே வரும்போது வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடிக்கிறார். வயதான பாட்டிமார்களின் காலில் விழுகிறார். "உங்க வீட்டுப் பிள்ளை" என்கிறார். இதையெல்லாம் தேர்தல் கூத்து என்று சிரித்துவிட்டுப் போகிறோம்.

சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடக்கும் தேர்தல்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாம், வார்டு தேர்தலைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறோம். ஆனால் நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர், வாசலில் ஓடும் சாக்கடை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை நடக்கும் சாலை, நாளை நம்மைக் கொண்டுபோய் வைக்கப்போகும் கப்ருஸ்தானுக்குச் செல்லும் பாதை ஆகிய பலவும் இந்தச் சின்னத் தேர்தலில் ஜெயித்தவர்கள் கையில்தான் இருக்கின்றன. ஆகவே இந்த வாரம் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். வாக்குக் கேட்டு வருகிறவர், வாக்காளருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்? வாக்காளர் தனக்குத்தானே என்ன கடமைப்பட்டிருக்கிறார்?

வாக்கு என்பது என்ன?

1992-இல் நிறைவேறிய 73, 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தங்களும், அதன்பின் வந்த 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் சாதாரண மனிதனின் கையில் ஒரு பெரிய பொறுப்பைக் கொடுத்தன. கிராமத்தில் இருப்பவருக்கு நான்கு வாக்குகள். வார்டு உறுப்பினருக்கு ஒன்று, ஊராட்சித் தலைவருக்கு ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்கு ஒன்று, மாவட்டக் கவுன்சிலருக்கு ஒன்று. இதில் வார்டு உறுப்பினரும் ஊராட்சித் தலைவரும் கட்சிச் சின்னம் இல்லாமல் நிற்கிறார்கள். அங்கே கொடியைப் பார்த்துப் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மனிதரைப் பார்த்துத்தான் போட்டாக வேண்டும்.

மார்க்கத்தின் பார்வையில் இந்த வாக்குக்கு என்ன பெயர்? முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் வாக்கை மூன்று விதமாகப் பார்த்தார்கள். அது ஒரு சாட்சியம்: "இவர் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர், நம்பிக்கைக்குரியவர்" என்று நாம் சொல்லும் ஷஹாதத். அது ஒரு பரிந்துரை. அது ஒரு வகாலத்தும்கூட: என் சார்பிலும் என் ஊரின் சார்பிலும் செயல்பட இவரை நியமிக்கிறேன் என்ற பொறுப்பு ஒப்படைப்பு.

இதில் முதல் அர்த்தத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். வாக்குச்சாவடியில் திரைக்குப் பின்னால் நிற்கும் அந்த அரை நிமிடம் நீங்கள் சாட்சிக் கூண்டில் நிற்கிறீர்கள். உங்களை யாரும் பார்க்கவில்லை, அல்லாஹ்வைத் தவிர. அப்படியென்றால் தேர்தல் பிரச்சாரம் என்பது சாட்சியிடம் போய்ப் பேசுவது. சாட்சிக்குப் பணம் கொடுப்பதும், சாட்சியிடம் பொய் சொல்வதும், சாட்சியை மிரட்டுவதும் எந்த நீதிமன்றத்திலும் குற்றம். அதையே தெருவில் செய்தால் அதற்குப் "பிரச்சாரம்" என்று பெயர் வைத்துவிடலாமா?

வாக்காளரை மதிப்பது என்றால் என்ன என்பதும் இதிலிருந்தே விளங்கும். காலில் விழுவதும் பொன்னாடை போர்த்துவதும் மரியாதையின் தோற்றம்தான். அவர் உண்மையை அறிந்து, சுதந்திரமாக யோசித்து, தன் மனசாட்சிப்படி சாட்சி சொல்ல வழிவிடுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

கவருக்குள் இருப்பது அன்பளிப்பா?

நபி (ஸல்) அவர்கள் ஜகாத் வசூலிக்க அஸ்த் குலத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பவரை அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்துக் காட்டினார். நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தன் தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கும் நிகழ்ச்சி இது.

தேர்தலுக்கு முந்தைய இரவு கதவைத் தட்டிக் கொடுக்கப்படும் கவரையும், சேலையையும், டோக்கனையும் இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லாவிட்டால் இது வந்திருக்குமா? பக்கத்துத் தெரு வேறு வார்டு என்பதால்தானே அங்கே கொடுக்கவில்லை? போன ரமளானில் நீங்கள் கஷ்டப்பட்டபோது வராத பணம் இன்றைக்கு ஏன் வந்தது? விடை உங்களுக்கே தெரியும். லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் வருகிறது. அந்தச் சாபத்துக்குள் நிற்க நம்மில் யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்திலும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும், வாக்குக்காகப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தேர்தல்களும், 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலும் பணப் பட்டுவாடா காரணமாகவே ரத்தாகிப் பின்னர் நடந்தன. வேலூரில் நம் சமுதாயத்தினர் எவ்வளவு பேர் வாழ்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தேர்தல்களைக் கண்காணிக்கப் பறக்கும் படைகள் இருந்தன, நாடே பார்த்துக்கொண்டிருந்தது. நம் வார்டிலோ மொத்த வாக்கே சில நூறுதான். பத்து வீட்டுக்குப் பணம் போனால் முடிவே மாறிவிடும். பார்க்கவும் யாரும் வரமாட்டார்கள்.

"அது அவன் வீட்டுப் பணமா? நம்மிடம் கொள்ளையடித்ததுதானே! வாங்கிக்கொண்டு நமக்குப் பிடித்தவருக்குப் போட்டால் போகிறது" என்று சிலர் சொல்வார்கள். கேட்க நியாயம் போலத்தான் தெரியும். ஆனால் அது ஊர்ப்பணம் என்றால் அதில் உங்களுக்குத் தனியாக என்ன உரிமை? ஊர்ச் சொத்தைத் திருடியவனிடம் பங்கு வாங்குவது எப்படி ஹலாலாகும்? போடுகிறேன் என்று தலையாட்டிவிட்டுப் போடாமல் இருந்தால், லஞ்சத்தோடு ஏமாற்றும் சேர்ந்துகொள்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. வாங்கினீர்கள் என்பது மட்டும் தெரியும். அடுத்த ஐந்து ஆண்டுகளில் சாக்கடை அடைத்துக்கொண்டு நீங்கள் அவர் வாசலில் போய் நின்றால், "அன்றைக்கே கணக்கு முடிந்துவிட்டதே" என்று அவர் பார்க்கும் பார்வைக்கு உங்களிடம் பதில் இருக்காது.

நகரங்களில் இந்த வியாபாரம் ஒரு படி மேலேயும் போகும். அங்கே நாம் கவுன்சிலரைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். மேயரையும் நகராட்சித் தலைவரையும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் வாக்கை விலைக்கு வாங்கி உள்ளே போனவர், தன் வாக்குக்கு அங்கே விலை சொல்ல மாட்டார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

ஏழைகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் வீட்டுக்கு அந்த நோட்டு எவ்வளவு பெரியது என்பது தெரிந்ததுதான். ஒருவருடைய வறுமையைத் தெரிந்துகொண்டு, அதையே கண்ணியாக்கி அவருடைய சாட்சியத்தைப் பிடுங்குகிறவரின் பாவம் எவ்வளவு கனமானது என்று யோசியுங்கள். வசதி இருந்தும் ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்காமல் அந்த வீட்டைப் பட்டினியில் விட்ட நம்மிடமும் கேள்வி கேட்கப்படும்.

சத்தியம் வாங்குகிறார்களே!

சில இடங்களில் பணத்தோடு சத்தியமும் வாங்குகிறார்கள். ஒருவரிடம் விளக்கின் மீது, இன்னொருவரிடம் குழந்தையின் தலை மீது, நம் வீடுகளில் குர்ஆனின் மீது. அல்லாஹ்வின் வேதத்தை ஒரு ஹராமான பேரத்துக்குப் பத்திரமாக எழுதிக் கேட்கும் துணிச்சலைப் பாருங்கள்! வாங்கியவரோ, "பணம் வாங்கியது தப்புதான். ஆனால் சத்தியம் செய்துவிட்டேனே, மீறினால் அல்லாஹ் பிடிப்பானே" என்று இரவெல்லாம் புழுங்குகிறார். இந்தப் பயம் ஈமானின் அடையாளம்தான். இதைத்தான் அந்தத் தரகர்கள் முதலீடாக்குகிறார்கள்.

இதற்கு மார்க்கத்தில் தெளிவான வழி இருக்கிறது. ஒருவர் ஒரு விஷயத்துக்குச் சத்தியம் செய்துவிட்டு, அதைவிட வேறொன்று சிறந்தது என்று கண்டால், சிறந்ததையே செய்துவிட்டுச் சத்தியத்துக்குப் பரிகாரம் கொடுக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். தகுதியில்லாதவருக்குச் சாட்சி சொல்வதாகச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றுவது பக்தி ஆகாது. பரிகாரம் என்னவென்பது ஸூரா அல்மாயிதாவில் இருக்கிறது: பத்து ஏழைகளுக்கு நடுத்தரமான உணவு, அல்லது அவர்களுக்கு உடை, அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்வது. இவற்றுக்கு வசதியில்லாதவர் மூன்று நாட்கள் நோன்பு வைக்க வேண்டும்.

ஆகவே அப்படி ஒரு சிக்கலில் மாட்டியவர் முதலில் தவ்பா செய்யட்டும். பணத்தைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுக்கட்டும். அதற்கு வழியே இல்லையென்றால் என்ன செய்வது என்பதையும், கஃப்பாராவின் விவரங்களையும் உங்கள் ஊர் ஆலிமிடம் தனியாகக் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள். பணம் கொடுத்தவரே உண்மையில் தகுதியானவர் என்று உங்கள் மனம் சொல்கிறதா? அப்போதும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுதந்திரமான மனிதராகப் போய் யோசித்து முடிவெடுங்கள். ஆனால் தகுதியானவர் இப்படிச் செய்வாரா என்ற கேள்வியையும் சேர்த்தே யோசியுங்கள்.

மேலே காய்ந்த தானியம், அடியில் ஈரம்

மதீனாவின் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். அடியில் ஈரம் தட்டியது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அந்த வியாபாரி வாய்திறந்து ஒரு பொய்யும் சொல்லியிருக்கவில்லை. மறைத்தார், அவ்வளவுதான்.

நம் தேர்தல் துண்டறிக்கைகள் பல அந்தக் குவியலைப் போன்றவை. குடிநீர், தெருவிளக்கு, ஊராட்சிச் சாலை, வடிகால், குப்பை, சுடுகாடு இடுகாடு பராமரிப்பு: இவை ஊராட்சியின் வேலைகள். பட்டா கொடுப்பது வருவாய்த் துறை. ரேஷன் அட்டை வழங்கல் துறை. காவல் நிலையத்துக்கும் வார்டு உறுப்பினருக்கும் அதிகாரத் தொடர்பே இல்லை. இது தெரிந்தும், "நான் ஜெயித்தால் எல்லோருக்கும் பட்டா வாங்கித் தருவேன், வீட்டுக்கு ஒருவருக்கு அரசு வேலை" என்று சொல்பவர், வாக்குறுதி கொடுக்கும் நேரத்திலேயே பொய் சொல்கிறார். நிறைவேற்ற முயன்று தடைப்பட்டவர் வேறு. முடியாது என்று தெரிந்தே சொன்னவர் வேறு. பேசினால் பொய், வாக்களித்தால் மீறல், நம்பினால் மோசடி என்று நயவஞ்சகனின் அடையாளங்களை நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். ஒரே தேர்தல் சீசனில் மூன்றையும் சம்பாதித்துக்கொள்ள முடியும் என்பதை நினைத்தால் நடுக்கம் வர வேண்டும்.

தேர்தலில் நிற்கும் சகோதரர்களே! பொறுப்பைக் கேட்டு அலைய வேண்டாம் என்று அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுரை சொன்னது உங்களுக்குத் தெரியும். யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே முன்வந்து கேட்டதும் தெரியும். அவர்கள் முன்வைத்த தகுதிகள் இரண்டு: பாதுகாக்கும் நேர்மையும், அந்த வேலையைப் பற்றிய அறிவும். இந்த இரண்டும் என்னிடம் இருக்கின்றனவா என்று உங்கள் துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுக்கும் முன் கேட்டுப் பாருங்கள். அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் பொறுப்பேற்றதும் பேசிய முதல் உரையில் தம்மைப் பற்றி எந்தப் புகழும் இல்லை. உங்களில் நான் சிறந்தவன் அல்லன், சரியாக நடந்தால் உதவுங்கள், தவறினால் திருத்துங்கள் என்ற கருத்தில்தான் பேசினார்கள். "என் அதிகாரம் இவ்வளவுதான், என்னால் இதைச் செய்ய முடியும், இதற்கு மேல் முடியாது" என்று சொல்லி வாக்குக் கேட்கும் ஒருவரை நம் முஹல்லா பார்க்கட்டும். தோற்றாலும் அவர் அல்லாஹ்விடம் தோற்கமாட்டார்.

எதிராளியின் மானம்

வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ வரும். எதிர் வேட்பாளரின் குடும்பத்தைப் பற்றி, அவர் மகளைப் பற்றி. மறுக்க அவருக்கு நேரம் இருக்காது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்றும், துருவித் துருவி ஆராயாதீர்கள், புறம் பேசாதீர்கள் என்றும் ஸூரா அல்ஹுஜுராத் நமக்குக் கற்றுத் தருவது தேர்தல் மாதத்துக்கு மட்டும் ரத்தாகிவிடுமா?

அப்படியானால் வேட்பாளரைப் பற்றி ஒன்றுமே பேசக் கூடாதா? பேசலாம், பேசவும் வேண்டும். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள், தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, ஒருவர் வசதியில்லாதவர், மற்றவர் பெண்களிடம் கடுமையாக நடப்பவர் என்று உள்ளதைச் சொன்னார்கள். திருமணத்துக்குத் தேவையான உண்மை அது. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. "சென்ற முறை போட்ட சாலை ஒரு மழையில் கரைந்தது, கணக்குக் கேட்டபோது காட்டவில்லை" என்பது ஊருக்குத் தேவையான சாட்சியம். அவர் வீட்டுப் படுக்கையறைக் கதை தேவையற்றது. அது உண்மையானால் புறம், பொய்யானால் அவதூறு.

மொத்தமாகக் கட்டிக் கொடுக்கும் வாக்குகள்

வேட்பாளர்கள் வந்தால் நம்மில் சிலர், "எங்க வீட்டில் ஆறு ஓட்டு" என்கிறோம். சில நிர்வாகிகள், "எங்க முஹல்லாவில் இத்தனை நூறு ஓட்டு" என்கிறார்கள். ஆடு மாடு எண்ணுவது போல இருக்கிறது! அந்த ஆறில் உங்கள் மனைவியின் சாட்சியமும், மருமகளின் சாட்சியமும் இருக்கின்றன. நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்ய முஃமினான பெண்கள் வந்தபோது, அவர்களிடமே தனியாக உறுதிமொழி பெறப்பட்டது. ஸூரா அல்மும்தஹினாவில் அல்லாஹ் இதைப் பேசுகிறான். கணவர் கொடுத்ததே போதும் என்று விடப்படவில்லை. தமிழ்நாட்டில் 2016 முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. அந்த இடங்களில் மனைவியின் பெயரில் நின்று, கணவர் நாற்காலியில் உட்காருவதும் வாக்காளரை ஏமாற்றும் வேலைதான். சுவரொட்டியில் ஒரு பெயர், அலுவலகத்தில் வேறொருவர்!

ஜமாஅத் ஆலோசனை சொல்லலாம். எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடையில் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம். கப்ருஸ்தான் பாதையைச் சீர்செய்வீர்களா என்று கேட்பதில் தவறில்லை. ஊருக்கான வேலையைச் செய்வேன் என்று அறிவிப்பது லஞ்சம் ஆகாது, சட்டமும் அதை விலக்கியே வைத்திருக்கிறது. ஆனால் தேர்தல் வாரத்தில் வேட்பாளர் தன் பையிலிருந்து பள்ளிவாசலுக்குக் கார்பெட்டும் ஏசியும் வாங்கித் தந்தால், இப்னுல் லுத்பிய்யாவுக்குக் கேட்கப்பட்ட அதே கேள்வியை நிர்வாகிகள் தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். தொழுகை விரிப்பாக வந்தாலும் லஞ்சம் லஞ்சம்தான்.

"நம்ம ஆள்" என்ற ஒரே காரணத்துக்காகத் தகுதியில்லாதவருக்குச் சாட்சி சொல்வதும் கூடாது. நமக்கும் நம் பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்பது ஸூரா அந்நிஸாவின் கட்டளை. அடுத்த தெருவின் பிற மதச் சகோதரர் நேர்மையானவர், வேலை தெரிந்தவர் என்றால், அவருக்குச் சாட்சி சொல்வதுதான் இந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிவது.

வாக்குப் போட்டதோடு முடிந்துவிடவில்லை

ஒரு வக்கீலை நியமித்துவிட்டு வழக்கை மறந்துவிடுபவர் யாருமில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. வரவு செலவைக் கேட்கும் உரிமை உங்களுக்கு அங்கே இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் போகிறோம்? தலைவர் செய்த நல்லதுக்கு நன்றி சொல்லவாவது போகிறோமா? கேள்வி கேட்க வரும் வாக்காளர்கள் நிறைந்த ஊரில் பொய் வாக்குறுதி கொடுக்க யாரும் யோசிப்பார்கள்.

மறுமையில் அல்லாஹ் பேசாத, பார்க்காத மூவரில் ஒருவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். தலைவருக்கு உலக ஆதாயத்துக்காக மட்டுமே பைஅத் செய்தவர் அவர்; கிடைத்தால் விசுவாசம் காட்டுவார், கிடைக்காவிட்டால் கைவிடுவார். தன் குடிமக்களை ஏமாற்றிய நிலையில் மரணிக்கும் பொறுப்பாளருக்குச் சுவர்க்கம் ஹராம் என்றும் எச்சரித்தார்கள். விற்றவருக்கு ஒன்று, வாங்கி ஏமாற்றியவருக்கு ஒன்று. இரண்டு எச்சரிக்கையும் நம் சின்னஞ்சிறு வார்டுக்கும் பொருந்தும்.

அடுத்த தேர்தல் எப்போது வந்தாலும், கதவு தட்டப்படும் அந்த இரவில் நம் வீட்டில் என்ன பதில் சொல்வது என்பதை இன்றைக்கே வீட்டாரோடு உட்கார்ந்து பேசி வையுங்கள். பிள்ளைகள் கேட்கும்படி பேசுங்கள். அவர்களும் ஒருநாள் சாட்சி சொல்லப் போகிறவர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் சாட்சியத்தை விலைபோகாமல் காப்பாயாக! பொறுப்புக் கேட்பவர்களின் நாவில் உண்மையையும், பொறுப்பில் இருப்பவர்களின் உள்ளத்தில் உன் அச்சத்தையும் தருவாயாக! எங்கள் ஊரில் வாழும் எல்லா மக்களுக்கும் நீதியும் நலமும் கிடைக்கச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.